இருபத்து நான்காவது வரிசை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மகளைக் கைமாற்றிக்கொள்வது பிரிந்துவிட்ட ஜனீனுக்கும் லோர்னுக்கும் வழக்கம். ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு. ஐந்து வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஜனீன் காரை லோர்னின் வீட்டு முன்னால் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. பத்து வயது மார்லி பையைத் தூக்கிக்கொண்டு, ஓரத்தில் கறுத்துக் கிடந்த பனிக்குவியலை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜனீன் கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு உறையை நீட்டினாள்.

"என்னது?" என்றான் லோர்ன்.

"உள்ள போய்ப் படி. கோபப்படாத. வாயால சொன்னா போதாதாம், எழுத்துலதான் குடுக்கணுமாம். வக்கீல் சொன்னாங்க."

உள்ளே போகும் வரை அவன் பொறுக்கவில்லை. குளிரில் நின்றபடியே பிரித்தான். செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் மார்லியுடன் மேற்கே வேறு மாகாணத்தில் உள்ள கெலோனாவுக்குக் குடிபெயர விரும்புவதாக ஜனீன் அறிவித்திருந்தாள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் தெரிவிக்க வேண்டும்.

காரணங்களும் இருந்தன. ஜனீன் தாதி. பன்னிரண்டு வருடமாக இந்த ரெஜைனாவில் பாதி நாட்கள் இரவு வேலை. கெலோனாவில் பகல் வேலை கிடைத்திருக்கிறது. அவள் பெற்றோர் எட்டு வருடத்துக்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டு அங்கே போய்விட்டார்கள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் நிலத்தை விற்றவர்கள் போய்ச் சேரும் இடம் அது. கெலோனாவின் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ரெஜைனா கால்பந்து அணியின் பச்சைத் தொப்பி ஒன்றாவது கண்ணில் படும்.

லோர்னின் அக்கா டார்லீன் அடுப்படியில் சக்கர நாற்காலியில் இருந்தாள். நரம்பு நோய் வந்து கால்கள் விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அவளும் கெளம்பிட்டாளா? போற போக்குல இந்த ஊர்ல காட்டு வாத்தும் நானுந்தான் மிச்சம். வாத்தாவது பனிக்காலத்துல பறந்துரும்."

"சும்மா இரு டார்லீன். மார்லி காதுல விழும்."

"விழட்டும். நீயும் கூடப் போயேன்டா."

"உன்ன என்ன பண்றது?"

"தெருவுல வெச்சுட்டுப் போ. குப்பை வண்டி புதன்கிழமைதான வருது."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. வேறு மாகாணத்துக்கு அவளைக் கொண்டுபோனால் காலையில் வந்து குளிப்பாட்ட அரசு அனுப்பும் பெண்ணுக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வருடமோ, இரண்டோ. அவள் கட்டிலும், அவளைத் தூக்கி மாற்றும் மோட்டார்த் தூக்கியும் பொருந்த இந்த வீட்டின் கதவுகளை அவன்தான் அகலப்படுத்தியிருந்தான். இந்த வீட்டை விற்ற பணத்துக்குக் கெலோனாவில் இதில் பாதியாவது கிடைக்குமா என்பது அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. வீடுகளை மதிப்பிடுவதுதான் அவன் தொழில்.

லோர்ன் பார்க்கப் போன வக்கீல் திருமதி கேலர் அறுபது வயதுக்காரி. மேசைமேல் ஒரு தாள்கூட இல்லாமல் வைத்திருப்பவள். கடிதத்தைப் படித்ததும் அவள் முகம் தெளிந்தது.

"பாருங்க மிஸ்டர் பாலக். கொழந்த ரெண்டு பேர்ட்டயும் சமமா இருக்கா. அதனால போறது நல்லதுன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. உங்களுது இல்ல. நான் ஆட்சேபத்த போட்டுடறேன். நீங்க ஒரே ஒரு காரியம் பண்ணுங்க."

"சொல்லுங்க."

"எதுவும் பண்ணாதீங்க. எழுதாதீங்க. பேசாதீங்க. அவங்க ஃபோன் பண்ணா வானிலை பத்திப் பேசுங்க."

அவன் சரி என்றான். அந்தச் சமயத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளப் போவதாக நம்பினான்.

ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவனை விடவில்லை. ஒரு வீட்டின் மதிப்பைச் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் விலைபோன இன்னொரு வீட்டை எடுத்து இரண்டையும் கணினியில் ஒரே படிவத்தில் எதிரெதிரே நிறுத்துவான். இதற்குக் கார்க்கொட்டகை இருக்கிறது, அதற்கு இல்லை. இதன் பேஸ்மென்ட் சுவரில் விரிசல், அதில் இல்லை. ரெஜைனாவின் களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே நிற்கும் வீட்டைச் சும்மா விடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, கூட்டல் கழித்தல். வாங்குகிறவன், விற்கிறவன், வங்கி என்று யார் பக்கமும் சாயக்கூடாது. தனக்கு அக்கறை உள்ள சொத்தைத் தொடவே கூடாது. அவன் அறிந்த உண்மையெல்லாம் அந்தப் படிவத்தின் வழியாக வந்ததுதான்.

முதல் வாரமே அதே படிவத்தில் தொடங்கிவிட்டான். ஒரு பக்கம் ரெஜைனா, மறு பக்கம் கெலோனா. கேள்வி ஒன்றுதான்: மார்லி எங்கே நன்றாக வளர்வாள்?

பார்க்காத இடத்தை மதிப்பிடுவது அவன் வழக்கமில்லை. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டார்லீனுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு மேற்கே காரை விட்டான். பதின்மூன்று மணி நேர ஓட்டம். சமவெளி முடிந்து மலை தொடங்கியபோது காதடைத்தது. மறுநாள் காலை ஜனீன் பார்த்து வைத்துக் கடிதத்தில் முகவரி எழுதியிருந்த வீட்டிலிருந்து பள்ளி வரை நடந்தான். ஒன்பது நிமிடம். வழியில் ஆப்பிள் தோட்டங்கள் பூத்திருந்தன. ஏரிக்கரையில் மார்லி வயதுப் பெண்கள் நாலைந்து பேர் தண்ணீரில் கல்லெறிந்து யாருடையது அதிகம் தத்துகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு மலைச்சரிவு முழுக்க எரிந்த மரங்கள், தீக்குச்சிகளைக் குத்தி வைத்தாற்போல. அதைப் பார்த்ததும் அவனுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. மகளுக்கு மூச்சிரைப்பு நோய். கோடைக் காட்டுத்தீயின் புகைதான் அவன் கையிலிருந்த பெரிய ஆயுதம். எரிந்த காட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதற்காக ஊர் திரும்பும் வழியெல்லாம் வெட்கப்பட்டான்.

அந்த ஆயுதமும் கையில் நிற்கவில்லை. இரண்டு ஊரிலும் காற்று கெட்டிருந்த நாட்களை ஐந்து வருடத்துக்கு எடுத்துப் பார்த்தான். மற்ற வருடங்களில் கெலோனாவில்தான் அதிகம். ஆனால் போன கோடையில் சஸ்காச்சுவானின் வடக்கே காடு பற்றிக்கொண்டபோது ரெஜைனாவின் வானமும் வாரக்கணக்கில் பழுப்பாக இருந்தது. அந்த ஆகஸ்டில் மார்லியை இரண்டு முறை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். அந்த வருடத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். விடவில்லை. சமம் என்று போட்டான்.

மற்ற வரிசைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. வீடும் முற்றமும் ரெஜைனா. தோழிகள் ரெஜைனா. மார்லி சிவப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு உக்ரேனிய நடனம் ஆடும் வகுப்பு ரெஜைனா. நுரையீரல் மருத்துவரைப் பார்க்க இங்கிருந்து சஸ்கடூனுக்கு இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். அங்கே மருத்துவர் ஊருக்குள்ளேயே இருக்கிறார், ஆகவே கெலோனா. பனிக்காலத்தில் வெளியே விளையாடக்கூடிய நாட்கள் கெலோனா. இரவில் அம்மா வீட்டில் இருப்பது கெலோனா. தாத்தா பாட்டி கெலோனா. அத்தை ரெஜைனா. அத்தைக்கு ஒரு வரிசை தேவையா என்று டார்லீன் கேட்டாள்.

"எனக்கு எவ்ளோ போட்ட?"

"ஒண்ணு."

"ஒண்ணா? ஏரிக்கு எவ்ளோ?"

"அதுக்கும் ஒண்ணுதான்."

"ஏரிகூட என்னைச் சமமா வெச்ச மொத ஆள் நீதான்டா. என் ரெண்டு புருஷனுங்களும் வெக்கல."

கூட்டிப் பார்த்தான். கெலோனா பதினொன்று, ரெஜைனா ஒன்பது, மூன்று சமம். நம்ப முடியாமல் மறுபடி கூட்டினான். மூன்றாவது முறையும் அதேதான்.

இன்னும் ஒரு வரிசை பாக்கி இருந்தது. இருபத்து நான்காவது. 'அப்பா' என்று எழுதினான். எண் போட வேண்டிய இடத்தில் கை நின்றது. தனக்கே தான் எப்படி மதிப்புப் போடுவது? அக்கறை உள்ளவன் தொடக்கூடாது. ஒன்று என்று போட்டால் பொய், பத்து என்று போட்டால் கெஞ்சல். இந்த இடத்தை நிரப்பத் தகுதி உள்ளவள் ஜனீன் ஒருத்திதான். மார்லி பிறந்த நாளிலிருந்து அவன் அப்பாவாக இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவளே போடட்டும் என்று அப்படியே விட்டான்.

பிரிந்தபோது அவர்கள் இருவரும் வக்கீல் இல்லாமல், இதே அடுப்படி மேசையில் ஒரே தாளை நடுவில் வைத்து எல்லாவற்றையும் பங்கிட்டார்கள். குரல் உயரவில்லை. ஒரே தாளை இருவரும் படித்தால் நியாயம் தானாகத் தெரியும் என்ற நம்பிக்கை லோர்னுக்கு அன்று வந்து நிலைத்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை அட்டவணையை ஜனீனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினான். 'நியாயமாகச் செய்திருக்கிறேன். படித்துப் பார். பிறகு பேசலாம்' என்று எழுதினான். வக்கீலிடம் சொல்லவில்லை. ஜனீன் பதில் எழுதவில்லை.

ஜூலையில் விசாரணை நடந்தது. ஒரே நாள். காலையிலேயே ஜனீனின் வக்கீல் பெல்ஷர் ஒரு தாளைத் தூக்கி, இது தந்தையே தயாரித்த ஆவணம் என்றார். திருமதி கேலர் திரும்பி லோர்னைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு நெடுநேரம் போட்டுக்கொள்ளவில்லை.

பெல்ஷர் இளவயதுக்காரர், மரியாதையானவர்.

"இது நீங்க தயாரிச்சதுதானே மிஸ்டர் பாலக்?"

"ஆமாங்க."

"யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"இல்லைங்க. நானாத்தான்."

"இதுல இருக்கறது எல்லாம் உண்மைதானே?"

"தெரிஞ்சவரைக்கும் உண்மைதாங்க."

"கெலோனாவுக்கு நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூடத்துக்கு நடந்துகூடப் பாத்திருக்கீங்க. ரொம்பக் கவனமான வேலை. நான் பாத்ததுல இவ்வளவு நேர்மையான ஆவணம் கெடையாது." அவர் கேலி செய்யவில்லை. "கடைசி வரிசைய மட்டும் கொஞ்சம் படிக்கிறீங்களா?"

லோர்ன் தாளை வாங்கினான். இருபத்து நான்காவது வரிசையில் 'அப்பா' என்றிருந்தது. எதிரே, ரெஜைனாவின் கீழும் கெலோனாவின் கீழும், பூஜ்யம்.

அவன் போடவில்லை. காலியாக விட்ட இடத்தில் அந்தப் படிவம் தானாகவே பூஜ்யம் போட்டுக்கொள்ளும். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறது. நீச்சல் குளம் இல்லையா, பூஜ்யம். கணப்பு இல்லையா, பூஜ்யம். அதைப் பார்த்துப் பார்த்து அவன் கண்ணுக்கு அது வெறும் காலி இடமாகவே ஆகிவிட்டிருந்தது. ஜனீனுக்கு அனுப்பும் முன் எட்டு முறை படித்தும் படவில்லை.

"அது... காலியா விட்டது. படிவம் அப்படி."

"நீங்க எதுவும் போடல?"

"போடக்கூடாதுங்க. எனக்கு அக்கறை உள்ள விஷயம். நான் மதிப்புப் போட முடியாது."

"அக்கறை இருக்கறதால மதிப்பு இல்ல, அப்படித்தானே?"

"அப்படி இல்ல. நான் சொல்றது—" நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனுஷிதான். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். எத்தனையோ முறை நீதிமன்றத்தில் நின்று அடுத்தவர் வீட்டைப் பற்றி மணிக்கணக்கில் சாட்சி சொன்னவனுக்கு அன்று ஒரு வாக்கியம் அமையவில்லை.

இடைவேளையில் நடைக்கூடத்தில் ஜனீன் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"உண்மையா நீ போடலையா அத?"

"இல்ல ஜனீன். உனக்காக விட்டேன். நீ போடுவன்னு."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"அந்த வரிசையத்தான்டா நான் மொதல்ல தேடினேன். வேலை முடிஞ்சு வந்து காலங்காத்தால படிச்சேன். அம்பதுன்னு போட்டிருப்பான், நூறுன்னு போட்டிருப்பான், அப்புறம் எப்படிடா மார்லிகிட்டேர்ந்து இவனப் பிரிக்கறதுன்னு நடுங்கிட்டே படிச்சேன். பூஜ்யம்னு இருந்துச்சு. சரி, போன்னு சொல்றான், வாயால சொல்ல முடியாம இப்படிச் சொல்றான்னு நெனச்சேன். அப்புறந்தான் வக்கீல்ட்ட குடுத்தேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"நீ ஒரு வார்த்த எழுதியிருக்கலாமே."

"இப்ப சொல்லு அவங்ககிட்ட. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு."

"வேலைய ஒத்துக்கிட்டேன் லோர்ன். வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டாச்சு. மத்த இருபத்து மூணு வரிசையும் உண்மைதானே?"

இருபத்து மூன்றும் உண்மைதான்.

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வந்தது. பதினொரு பக்கம். கடைசி வரிசையின் பூஜ்யத்துக்குத் தான் எந்த முக்கியத்துவமும் தரவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். தந்தையின் அன்பைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் தந்தை இவ்வளவு நேர்மையுடன் திரட்டிய மற்ற விவரங்களை ஒதுக்கவும் முடியாது. தாயின் தரப்பு நிரூபிக்க வேண்டியதைத் தந்தையே நிரூபித்துவிட்டார். மார்லி போகலாம். கோடையில் ஆறு வாரம், கிறிஸ்துமஸில் பாதி விடுமுறை, ஞாயிறுதோறும் கெலோனா நேரப்படி மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி.

திருமதி கேலர் தொலைபேசியில் அழைத்தாள். திட்டவில்லை. "எதுவும் பண்ணாதீங்கன்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "இந்த ஊர்க்காரங்கள வெச்சுக்கிட்டு வழக்கு நடத்தறதே கஷ்டம்" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் மார்லி தன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீ கெலோனா போய்ப் பாத்தியாமே. நல்ல ஊரா?"

மோசமான ஊர் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஏரியைச் சொன்னான். தண்ணீரில் கல்லெறியும் பெண்களைச் சொன்னான். ஒன்பது நிமிட நடையையும் பூத்திருந்த ஆப்பிள் தோட்டங்களையும் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல மகளின் முகம் இளகியது. பல நாளாக எதையோ நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ நான் போனா உனக்குப் பரவால்லையா?"

"உனக்கு நல்ல ஊரு மார்லி."

"ஓ. அப்போ சரி," என்று சொல்லிவிட்டு அவள் சாக்ஸுகளை உருட்டத் தொடங்கினாள். பாட்டுகூட ஒன்று முணுமுணுத்தாள்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஞாயிறு ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. கெலோனாவின் ஆறு, ரெஜைனாவின் ஏழு. மார்லி நிறையப் பேசினாள். மூச்சிரைப்பு ஒரு முறைகூட வரவில்லை. அங்கேயும் உக்ரேனிய நடன வகுப்பு இருந்ததாம். நவம்பரில் கெலோனாவில், வருடாவருடம் பனிக்காலத்துக்குச் செய்வதுபோல், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். சஸ்காச்சுவானில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. அவர்களுடைய ஆறு மணி இங்கே எட்டு மணி ஆயிற்று.

எட்டு மணிதான் டார்லீனைப் படுக்க வைக்கும் நேரம். ஏழரைக்கு மாத்திரை போட்டால் எட்டுக்குக் கால்களின் இறுக்கம் விடும். அடுத்த இருபது நிமிடத்துக்குள் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியாக வேண்டும். தவறினால் இரவு முழுக்க வலியில் துடிப்பாள். மாத்திரையை முன்னாலோ பின்னாலோ தள்ளக்கூடாது என்றார் மருத்துவர். அழைப்பை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள முடியுமா என்று லோர்ன் ஜனீனிடம் கேட்டான். ஐந்தே முக்கால் வரை நடன வகுப்பு, பார்க்கிறேன் என்றாள்.

நவம்பரின் இரண்டாவது ஞாயிறன்று தூக்கியின் மோட்டார் வேலை செய்யவில்லை. ஆள் வர மறுநாள் ஆகும். லோர்ன் குனிந்து அக்காவின் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே அவள் முழுப் பாரமும் அவன் நெஞ்சில் தொங்கியபோது அடுப்படி மேசையில் தொலைபேசி ஒலித்தது.

"எடுடா," என்றாள் டார்லீன் அவன் தோளுக்குமேல்.

"பேசாம இரு. நழுவிருவ."

"என்னைத் தரையில விடு. நான் எங்க ஓடப் போறேன்?"

"டார்லீன், கால இந்தப் பக்கம்—"

"எனக்குக் கால் எங்க இருக்குன்னே தெரியாதுடா. விட்டுட்டுப் போ."

தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. அவன் அரை அடி நகர்ந்தான். இன்னும் அரை அடி. அக்காவைக் கட்டிலில் கிடத்தி, முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்து, பக்கவாட்டுக் கம்பியை ஏற்றி முடிப்பதற்குள் வீடு அமைதியாகிவிட்டது. டார்லீன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் அடுப்படிக்குப் போய்த் திருப்பி அழைத்தான். ஜனீன் எடுத்தாள்.

"இப்பத்தான் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனா. கூப்பிடவா?"

"வேண்டாம். விளையாடட்டும். நான் எடுக்கலைன்னு என்ன சொன்னா?"

"அப்பாக்கு வேலை இருக்கும்னா."

"கோபமா இருந்தாளா?"

"இல்ல லோர்ன்," என்றாள் ஜனீன். "கோபமெல்லாம் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா."